மழை இலவசம், குழாய் இலவசமல்ல



வானம் சும்மா பொழிகிற தண்ணீருக்கு ஏன் காசு என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்குக் காசு இல்லைதான். அதைத் தேக்கும் அணைக்கும், சுத்திகரிக்கும் ஆலைக்கும், வீடு வரை வரும் குழாய்க்கும் காசு வேண்டும். அதை யார் கொடுப்பது என்பதே இன்றைய தலைப்பு.

கொடுப்பவர்கள் மூன்றே பேர். பயனீட்டாளர் கட்டணமாகக் கொடுக்கிறார்; அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது; வெளியார் உதவியாகக் கொடுக்கிறார்கள். கடன் நான்காவது வழியன்று. அது இன்றைய செலவை நாளைக்குத் தள்ளி வைப்பது மட்டுமே.

ஜொகூரையே பாருங்கள். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென். ஜொகூர் திரும்ப வாங்கும் சுத்திகரித்த நீருக்கு ஆயிரம் கேலனுக்கு 50 சென். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். விலை நியாயமா என்பது தனி வாதம். ஆனால் இந்த இடைவெளி ஓர் உண்மையைச் சொல்கிறது: செலவு ஆற்றில் இல்லை, ஆலையிலும் குழாயிலும்தான் இருக்கிறது. 1990இல் செய்த லிங்கியூ அணை ஒப்பந்தத்தில், அணை கட்டும் செலவோடு நிலத்துக்கு இழப்பீடாக 32 கோடி வெள்ளியையும் சிங்கப்பூர் ஏற்றது.

மாநிலங்கள் தனித்தனியே கடன்பட்டுத் தவித்த நிலையில், 2006இல் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் வந்தது. நிதியமைச்சின் கீழ் பெங்குருசான் அசெட் ஆயர் நிறுவனமும் அமைந்தது. ஜொகூர் 2009இல் இந்த ஏற்பாட்டில் இணைந்தது. கடனை அந்நிறுவனம் சுமக்கும். நீர் விநியோகிப்பவர் குத்தகை கட்டுவார். குத்தகைப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டு நீர்க் கட்டணத்திலிருந்துதான். கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் பழைய குழாய் மாறாது; ஒழுகும் நீரும் நிற்காது. 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்ததன் பின்னணி இதுவே.

கழிவுநீரின் கதை இன்னும் கடினம். பணம் கட்டாதவருக்குத் தண்ணீரை நிறுத்தலாம். கழிவுநீரை நிறுத்த முடியுமா? 1990களில் தனியாரிடம் போன இண்டா வாட்டர் நிறுவனத்தை 2000இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஏழைகளின் நிலை என்ன? தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளி இலவசக் குழாய் நீர் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுப்பவர் யார் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறது. வளரும் நாடுகளின் பல நகரங்களில் அப்படி எழுதி வைக்கவில்லை. குழாய் இல்லாத குடிசைக்காரர் லாரித் தண்ணீருக்குப் பணக்காரரைவிடப் பல மடங்கு கொடுக்கிறார். எல்லாருக்கும் கட்டணத்தைக் குறைத்தால் குழாய் உள்ளவருக்கே லாபம். மானியம் முதலில் போகவேண்டியது குழாய் இல்லாத வீட்டின் இணைப்புக்கு.

ஆகவே, கட்டணம் ஏறுகிறதே என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. அந்தக் காசு எந்தக் குழாய்க்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை, கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உண்டு.