நமக்குப் பின் யார் பார்ப்பார்கள்?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாதம் நம் சங்க ஆபீசுக்கு ஓர் அம்மாள் வந்தார்கள். வயது எழுபதைத் தாண்டும். புருஷன் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் உழைத்து, பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோனவர். பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று எண்ணி நாங்கள் காகிதத்தை எடுத்தோம். அது அல்ல. அவருக்கு 46 வயதில் ஒரு மகன். பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர். "நான் கண்ணை மூடிட்டா இவனுக்கு யாருப்பா சோறு போடுவா? ஏதாவது நல்ல ஹோம் இருந்தா சொல்லுங்க" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஆபீசில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதன் பிறகு விசாரிக்கத் தொடங்கினோம். சில விடுதிகளை நேரில் போய்ப் பார்த்தோம். டாக்டர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு. நோய் இடையில் வருவது, மருந்தால் தணிவது. இது பிறவியிலிருந்தோ, சிறு வயதிலிருந்தோ கற்பதிலும் புரிந்துகொள்வதிலும் உள்ள குறைபாடு. இதற்கு வைத்தியம் என்பதைவிடப் பழக்கமும் துணையும்தான் தேவை. ஊரில் இரண்டையும் சேர்த்துப் "பைத்தியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தை நம் வாயிலும் வருகிறது. இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பெற்றோருக்கு முன்பே போய்விடுவார்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறையோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே 25 வயதுதான். இன்று அங்கே 60ஐ எட்டியிருக்கிறது. இருதய ஆபரேஷனும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் வந்ததன் பலன் இது. நல்ல செய்திதான். ஆனால், தாயும் தந்தையும் தள்ளாத வயதில் இருக்கும்போதே பிள்ளையும் கிழவனாகிவிடுகிறான். அந்த முதுமையும் சீக்கிரம் வருகிறது. நாற்பதிலேயே கண்ணில் புரை விழலாம், காது மந்தமாகலாம், தைராய்டு கெடலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உடலில் 21வது குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. மூளையில் படிந்து மறதி நோயை உண்டாக்கும் ஒரு புரதத்திற்கான மரபணு அதில்தான் உள்ளது. ஆகவே ஐம்பதுகளிலேயே அல்சைமர் நோய் பலரைப் பிடித்துக்கொள்கிறது. நேற்றுவரை தானே சட்டை போட்டுக்கொண்டவர் இன்று பித்தானைப் பார்த்து விழிக்கிறார். விடுதிக்காரர் அதைப் "பிடிவாதம்" என்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பகுதித் தோழர் ஒருவரின் தம்பி, வயது ஐம்பத்திரண்டு. ஒரு தனியார் விடுதியில் இருந்தார். மாதாமாதம் பணம் தவறாமல் போயிற்று. கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. தரை பளபளவென்று இருக்கும், வாசலில் பூச்செடி, ஆபீஸ் அறையில் சாமி படம். ஒரு நாள் போன் வந்தது. "உங்கள் தம்பி சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், ஆயாவை அடிக்கிறார்" என்றார்கள். தூக்க மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அளவைக் கூட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது மனிதர் பாதி உடம்பாக இருந்தார். எச்சில் ஒழுகியது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. எங்களோடு வந்த தோழி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பவர். அவர் டார்ச் வாங்கி வாயைத் திறந்து பார்த்தார். பின்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் அழுகிச் சீழ் பிடித்திருந்தன. அந்த இரண்டு மாதமும் அந்த மனிதர் பல்வலியால் துடித்திருக்கிறார். சொல்ல வார்த்தை இல்லாதவர், தலையால் சுவரில் முட்டிச் சொல்லியிருக்கிறார்.

பல்லைப் பிடுங்கிய பிறகு, மாத்திரைகளை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது அவர் வேலை.

பேசத் தெரியாதவரின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல், காது, மலச்சிக்கல், மூத்திரத் தாரை என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கலாலேயே உயிர் போனவர்கள் உண்டு. சோற்றை அவசரமாக ஊட்டினால் புரையேறி, நுரையீரலில் சளி கட்டி இறப்பதும் உண்டு. ஆகவே ஒரு விடுதி நல்லதா கெட்டதா என்று பார்க்கத் தரையைப் பார்த்துப் பயனில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய் ஓர் ஆயா எத்தனை பேருக்கு ஊட்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இதெல்லாம் நம் ஏழை நாட்டின் பிரச்சினை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில், கார்டிஃப் நகரின் ஈலி ஆஸ்பத்திரியில் மனவளர்ச்சி குன்றியவர்கள் கொடுமைப்படுத்தப்படுவதாக அங்கே வேலை பார்த்த ஓர் ஊழியரே 1967இல் அம்பலப்படுத்தினார். விசாரணை நடந்து 1969இல் அறிக்கை வந்தது. 1971இல் சர்க்கார் புதிய கொள்கையை அறிவித்தது. பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து இவர்களை வெளியே கொண்டுவந்து ஊருக்குள் வாழவைப்பது என்றார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2011இல், பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து உதைப்பதை பி.பி.சி. ரகசியமாகப் படம் எடுத்துக் காட்டியது. அங்கிருந்தவர்கள் முதியவர்கள் அல்ல; ஆனால் கதை ஒன்றுதான். ஒரு நபருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுன் பொதுப் பணம் கொடுக்கப்பட்டு வந்தது. ஒரு மூத்த நர்ஸ் நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு இலாகாவுக்கும் முன்பே புகார் கொடுத்திருந்தார். எவரும் அசையவில்லை. 2012இல் 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் சிறை சென்றார்கள். அவர்கள் செய்தது குற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் பணத்தை வாங்கிய முதலாளிகளில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

நம் ஊரில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியுமா? மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடக்கூட முடியவில்லை. அந்த விடுதிகளுக்குப் பணம் கட்டி வந்தவர்களும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான்.

விடுதி ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆயாமார்கள் நம் வீட்டுப் பெண்கள். அற்பச் சம்பளம், இரவு பகல் வேலை, பயிற்சி கிடையாது. மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். பேச்சு வராதவரின் முகக்குறியைப் படிக்க ஒரே ஆள் வருஷக்கணக்கில் கூட இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்காத விடுதியில் அது நடக்காது. அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதும் நம் வேலைதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016ஆம் வருஷச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எவரும் இத்தகைய விடுதி நடத்தக்கூடாது. சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். 1999ஆம் வருஷ நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்டக் குழுவிடம் மனுச் செய்து நம் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கலாம். காப்பாளர் வருஷாவருஷம் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமை செய்தால் அவரை நீக்கக் கோரலாம். அந்த டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை வைத்தியச் செலவு கிடைக்கும். விவசாயத் தொழிலாளருக்கும் இது உண்டு.

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொன்று. 1995ஆம் வருஷ பி.எப். பென்ஷன் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால், முழுமையாகவும் நிரந்தரமாகவும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றிப் பென்ஷன் உண்டு. 25 வயதோடு நின்றுவிடாது. இ.எஸ்.ஐ.யிலும், தொழிலாளியின் வருமானத்தை நம்பியிருக்கும் அத்தகைய பிள்ளை எந்த வயதிலும் குடும்பத்தில் சேர்த்திதான். அந்த அம்மாள் வந்தது பென்ஷன் விஷயம் அல்ல என்று சொன்னோமே, அதிலும் பென்ஷன் விஷயம் இருந்தது. பத்து வருஷமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை, நாங்களும்தான் சொல்லவில்லை.

மனு எழுதியிருக்கிறோம். மகனுக்கு மெடிக்கல் போர்டு பரிசோதனை அடுத்த வாரம். இதே நிலையில் உள்ள குடும்பங்கள் ஊனச் சான்றிதழ், தகப்பனாரின் பி.எப். எண், ரேஷன் கார்டு ஆகியவற்றோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசுக்கு வாருங்கள். சான்றிதழ் இல்லாதவர்களும் வாருங்கள். அதை வாங்குவதிலிருந்தே தொடங்குவோம்.