ஆற்றங்கரையில் ஒரு பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமய வகுப்புப் பரிசளிப்பில் ஆற்றிய உரை)



சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். தில்லை என்பது உப்புநீர்ச் சதுப்பில் வளரும் ஒரு மரம். மலேசியக் கடற்கரைக் காடுகளிலும் அது உண்டு. ஆண்டவன் ஆடும் ஊரையே மரத்தின் பெயரால் அழைத்தவர்கள் நாம். தொல்காப்பியரும் ஒரு நிலத்தைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று சேர்த்தே சொன்னார்.

நம் பிள்ளைகளுக்குக் கோலசிலாங்கூர் வரலாற்றையும் அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். “தாத்தா கப்பலில் வந்தார், காட்டை வெட்டினார், ரப்பர் நட்டார்” என்று சொல்லும். உண்மைதான். ஆனால் வெட்டுவதற்கு முன் இந்த நிலத்துக் காடுகளை அறிந்து வாழ்ந்தவர்கள் யார்? அதற்குப் பதில் வராது.

சிலாங்கூர் ஆற்றின் தலைப்பகுதியில், கோலகுபு பாருவுக்கு மேலே, தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே அணை கட்டியபோது பெர்த்தாக், கெராச்சி என்னும் இரண்டு கிராமத்து மக்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. தோட்டம் கைமாறி, லயத்தையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுக் கிளம்பியவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். அந்த மக்களின் வலியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆற்றோடு கீழே வந்தால் பத்தாங் பெர்ஜுந்தை. 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். நமக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். ‘தென்னமரம்’ என்ற பெயருக்குத் தமிழ்க் காதுக்கு விளக்கம் வேண்டுமா? செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. 1877-இல் இலங்கை வழியாகச் சிங்கப்பூரை அடைந்த கன்றுகள் வெறும் 22. நாமும் வந்தவர்கள், நாம் வளர்த்த மரங்களும் வந்தவை. இதைச் சொன்னால் நம் பாட்டனாரின் உழைப்பு குறைந்துவிடாது. எந்த மண்ணில் உழைத்தார் என்பது துலங்கும்.

இங்கேயே பிறந்த மரம் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. பெரெம்பாங் என்று பெயர். கம்போங் குவாந்தானில் இரவில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் அந்த மரத்தில் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்வதைக் காண வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? மின்மினி வாழ மரம் மட்டும் போதாது. அதன் புழு கரையோர ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரை வரைக்கும் வெட்டிச் செம்பனை நட்டால் புழுவுக்கு இடமில்லை. மேலே அணையில் தண்ணீரைத் தேக்கினால் கீழே உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறுமே என்று அணை கட்டும்போதே பலர் கவலைப்பட்டார்கள். தெமுவான் மக்களும் மின்மினியும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகள்.

உபயகாரர்களிடம் இரண்டு பஸ் பயணங்களுக்கு உபயம் கேட்கிறேன். ஒன்று, கோம்பாக்கிலுள்ள பூர்வகுடி அருங்காட்சியகத்துக்கு. மற்றொன்று கம்போங் குவாந்தானுக்கு, பெற்றோரோடு. பௌர்ணமி வேண்டாம், அமாவாசையை ஒட்டிப் போனால் மின்மினி நன்றாகத் தெரியும். படகில் டார்ச் விளக்கு அடிக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் கொடுப்பவர்கள் இன்றே செயலாளரிடம் கொடுக்கலாம்.