பிபா சௌதுரி அம்மையார்



1913-இல் பிறந்த வங்காளப் பெண்மணி பிபா சௌதுரி அம்மையார், டி. எம். போஸ் அவர்களுடன் கூடி, டார்ஜிலிங் முதலிய மலைகளில் போட்டோத் தகடுகளை நெடுநாள் வைத்து, ஆகாயத்தினின்று வரும் கதிர்கள் அவற்றிற் பதித்த சுவடுகளை ஆராய்ந்தார். எலெக்ட்ரானினும் சுமார் 200 மடங்கு எடையுள்ள துகளை அவை காட்டின. யுத்தத்தினால் உயர்ந்த தகடுகள் கிடையாமல் அவ்வாராய்ச்சி தடைப்பட்டது. நல்ல தகடுகளைக்கொண்டு அம்முறையையே கையாண்ட ஆங்கிலேயர் பாவெல், 1950-இல் நோபெல் பரிசு பெற்றார். அம்மையார் 1991-இல் காலமானார். 2019-இல்தான் ஒரு நக்ஷத்திரத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது.

அவருக்குத் தகடு கிடையாமைக்கு யுத்தம் காரணம். கல்யாணம் பேசுகிறோமென்று நம் பெண்களின் படிப்பை நடுவில் நிறுத்துகிறோமே, அதற்கு யார் காரணம்? நாமே அல்லவா? அத்தடையை நாமே நீக்கக் கடவோம்.