அகவலும் ஆங்கில நாடகமும்

(வாழப்பாடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். 'பிளாங்க் வெர்ஸ்' என்கிறார்களே, அதுதான்.

பெயரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. அடிகளின் கடைசி ஒலி ஒத்து வந்தால் நாம் இயைபுத் தொடை என்கிறோம் இல்லையா? அந்த இயைபு இல்லாத பாட்டு. ஆனால் தாளம் உண்டு. மெலிவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று என அடிக்கு ஐந்து முறை வரும்.

இது இங்கிலாந்தின் சொந்தச் சரக்கு அல்ல. இத்தாலியில் ஏற்கெனவே இயைபில்லாப் பாட்டு இருந்தது. 1547-இல் தலை வெட்டப்பட்ட சர்ரே பிரபு, வர்ஜிலின் காவியத்தில் இரண்டு காண்டங்களை ஆங்கிலத்தில் இந்த நடையில் மொழிபெயர்த்தார். பிறகு நார்ட்டனும் சாக்வில்லும் எழுதிய 'கார்படக்' நாடகம் 1561-62-இல் லண்டன் சட்டக்கல்விக் கழகம் ஒன்றில் நடந்தது. அதன் அடிகள் விறைப்பாக நடந்தன. ஒவ்வோர் அடியும் முடிந்த இடத்தில் நின்றுவிடும். 1587-வாக்கில் மார்லோவின் 'தம்புர்லேன்' பொது அரங்கில் முழங்கியபோதுதான் அந்த நடைக்கு உயிர் வந்தது. அடுத்து ஷேக்ஸ்பியர். கருத்தை ஓர் அடியில் தொடங்கி மூன்றாம் அடியின் நடுவில் முடித்தார். ஒரே அடியை இரண்டு பாத்திரங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். 'இரண்டாம் ரிச்சர்டு' முழுக்கச் செய்யுள். 'ஹாம்லெட்'டில் குழி வெட்டுகிறவர்கள் உரைநடையில் பேசுகிறார்கள். யார், எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆலப்புழையில் 1855-இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, 1891-இல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார். தினமும் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அதில் உள்ளதுதான். கதை லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி'யைத் தழுவியது. ஐந்து அங்கம் என்ற கட்டுமானம் ஆங்கில நாடகத்தைப் பார்த்துச் செய்தது. ஆனால் பாத்திரங்கள் பேசுவதற்குப் பாவகை தேடி அவர் கடல் கடக்கவில்லை. சங்கப் புலவர்களும் இளங்கோவும் சாத்தனாரும் கையாண்ட அகவலையே எடுத்துக்கொண்டார்.

அகவலில் அடிக்கு நான்கு சீர். ஈற்றடிக்கு முந்தின அடி மட்டும் மூன்று சீராக வரலாம். எத்தனை அடி வேண்டுமானாலும் ஓடும். எதுகை, மோனை உண்டு, இயைபு கட்டாயமில்லை. ஆங்கிலேயர் இத்தாலியிடம் கேட்டு வாங்கியது நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது! குடிலன் தனியாக நின்று சதியை எண்ணிப் பார்க்கும் பேச்சைப் படித்துப் பாருங்கள். ஒரு மனிதன் மனசுக்குள்ளே கணக்குப் போடுவது காதில் விழும்.

அப்படியானால் ஏன் அது மேடையில் வளரவில்லை? என் கருத்தைச் சொல்கிறேன். மார்லோவின் அடிகளை நடிகர்கள் தினம் பேசினார்கள்; காசு கொடுத்து நின்றுகொண்டு பார்த்த கூட்டம் கேட்டது. பேசிப் பேசித்தான் அந்த நடை பழுத்தது. மனோன்மணீயமோ படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. சுந்தரம் பிள்ளை 1897-இல், 42 வயதிலேயே மறைந்துவிட்டார். அந்த நூல் வந்த அதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியபோது உரைநடையைத்தான் கைக்கொண்டார். மேடை அந்தப் பக்கம் போய்விட்டது. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942-இல் 'மனோன்மணி' என்று படம் எடுத்தது. கதை வெள்ளித்திரை வரை போனது, அகவல் பாடப்புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

இதுதான் என் ஆதங்கம். பேசுவதற்கான ஒரு பாவை நாம் ஐந்து மதிப்பெண் வினாவாக்கி வைத்திருக்கிறோம். சீர் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. ஷேக்ஸ்பியரையும் அப்படித்தான், உரைநூலில் சுருக்கம் படித்துப் பரீட்சை எழுதுகிறோம்.

மாணவச் செல்வங்களே! அடுத்த கல்லூரி விழாவில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, ஒரு மெக்பெத் தனிமொழியையும் குடிலன் தனிமொழியையும் அடுத்தடுத்து மேடையேற்றுங்கள். ராகம் போட வேண்டாம். அடி முடிகிற இடத்தில் எல்லாம் நிறுத்தவும் வேண்டாம். கருத்து முடிகிற இடத்தில் மூச்சு விடுங்கள். தெருக்கூத்தை விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. நல்ல பேச்சு எது என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களையும் கூப்பிடுங்கள். செலவுக்கு முன்னாள் மாணவர் சங்கத்தைக் கேளுங்கள், நாங்க இருக்கோம்.