உருதில் ஆங்கிலச் சொற்பொருள்



உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் பணம் செலுத்தியவர் 'ரசீது' கேட்கிறார். ஆங்கில 'ரிசீட்' என்பதே திரிந்து ரசீது ஆயிற்று எனக் கருதுவோர் பலர். ஓசை அவ்வாறு மயக்குகிறது. உண்மையில் அது 'வந்து சேர்ந்தது' எனப் பொருள்படும் பாரசீகச் சொல். உருதின் வழியே தமிழுக்கு வந்தது.

1801-இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி கும்பினியார் கைக்கு மாறியபோது, தென்னார்க்காட்டில் வரியும் வழக்கும் முன்பே பாரசீகச் சொற்களால் நடந்துவந்தன. புதிய துரைத்தனத்தின் ஆங்கிலச் சட்டச் சொற்களுக்கு அவையே பொருளாக வாய்த்தன. 'லாயர்' வக்கீலானார், 'அட்டாச்மெண்ட்' ஜப்தியாயிற்று, 'பெயில்' ஜாமீன் ஆயிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. உருதில் ஜாமீன் என்பது பிணை நிற்கும் ஆளையே குறிக்கும். பிணைக்குப் பெயர் 'ஜமானத்'. தமிழரோ ஆளின் பெயரைப் பிணைக்குச் சூட்டிவிட்டு, ஆளைக் குறிக்க 'ஜாமீன்தார்' என வழங்கினர். இரவல் சொல்லையும் தமிழ் தன் போக்கில்தான் ஆண்டது!

உருது பேசுவோர்க்கு ஆங்கிலத்தை விளக்கும் பெருமுயற்சி ஐதராபாத்தில் நிகழ்ந்தது. 1918-இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வியை அந்நாளில் உருதிலேயே கற்பித்தது. அதற்கென மொழிபெயர்ப்புத் துறை ஒன்று இயங்கியது. மௌல்வி அப்துல் ஹக்கின் ஆங்கில–உருது அகராதி 1937-இல் வெளிவந்தது. நூலகத்திற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'குதுப்கானா'. குதுப் என்பது நூல்கள். கானா என்பது அகம். நம் 'நூலகம்' போன்றே அமைந்த தொடர் அது. ஆயினும் வேறுபாடு ஒன்று உள்ளது. நூலும் அகமும் தமிழ்க் குழந்தைக்குத் தாய்மொழிச் சொற்கள். குதுப் அரபு, கானா பாரசீகம். 'தெர்மாமீட்டர்' என்பதற்கு வழங்கிய 'மிக்யாசுல் ஹராரத்' முழுவதும் அரபு. கற்றோர்க்கு அது செம்மை. கல்லாத தாய்க்கு ஆங்கிலத்தைப் போலவே அதுவும் அயல்.

தமிழகத்து உருது இல்லங்களில் பெரிதும் ஒலிப்பது தக்கணி. அங்கே 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. 'ஆம்' என்பதற்கு 'ஹௌ'. பள்ளியில் 'எஸ்' என்று கற்று வரும் பிள்ளைக்கு அகராதி 'ஹாங்' என்கிறது. பாட்டி 'ஹௌ' என்கிறார். எதனைப் பொருளெனக் கொள்வது? பாட்டியின் சொல்லைக் கொச்சை என ஒதுக்கினால் பிள்ளை இரண்டு அயன்மொழிகளுக்கிடையே நிற்க நேரும். தனித்தமிழ் ஆக்கம் செய்யும் நம்மவர்க்கும் இந்த இடர் உண்டு. 'வட்டாட்சியர்' எனப் பலகை மாறியபின்னும் மனுக் கொடுக்க வருபவர் 'தாசில்தார்' என்றே கேட்கிறார்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் பணியில் கவிதைக்குக் குறைவில்லை. இவ்வூர்த் தக்கணிச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடும் ஆங்கிலப் பொருளோடும் தொகுக்கும் சிறு ஏடு ஒன்றை அடுத்த ஆண்டிலேனும் வட்டம் தொடங்கலாம். முதற்பக்கத்திற்கு 'நக்கோ', 'ஹௌ' என இரண்டு சொற்கள் இப்போதே ஆயத்தம்.