அடுக்களையும் அரிச்சுவடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டில் கற்பிக்கும் தாய்மார்களைப் பற்றிப் பேசுமாறு மாதர் பிரிவினர் என்னைப் பணித்தனர். சில ஆண்டுகளுக்கு முன் இப்பொருளை அறிவித்திருந்தால் இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுக் கூடங்களெல்லாம் வகுப்பறைகளாயின. மீண்டும் பள்ளிகள் திறந்தபின் பெரும்பாலோர் நிம்மதியாக மூச்சுவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவைத்தனர். சிலர் அனுப்பவில்லை, வீட்டிலேயே கற்பிப்பதென்று துணிந்துவிட்டனர். அச்சிலரில் நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணிகளும் உளர். அவர்களுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தமிழை மட்டும் வீட்டில் சொல்லிக்கொடுக்க முயலும் ஏனையோர்க்கும் இன்று ஒருசேரப் பேச விரும்புகிறேன். இரு சாராருக்கும் இடர்ப்பாடு ஒன்றே. வீட்டுவேலை முடிந்தபின் பாடம் என்று ஒதுக்கி வைக்கிறோம்; வீட்டுவேலையோ முடிவதேயில்லை.

இந்நகரில் நாம் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லேம். 1806-இல் சிகந்தராபாத் படைவீட்டு நகரமாகத் தோன்றியபோதே சென்னைப் படையோடும் அதற்குப் பண்டம் வழங்கியவர்களோடும் தமிழர் வந்துவிட்டனர். பத்மாராவ் நகர் என்னும் பெயரே ஒரு முதலியாரின் பெயர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அப்பகுதியிலுள்ள கந்தகிரி முருகன் கோயிலுக்குச் சென்றால் தமிழ்ப் பேச்சுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் எழுத்தில்தான். பாட்டிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். மகளுக்குப் படிக்க மட்டும் தெரியும். பேரனுக்குப் பேச மட்டும் தெரியும். ஊரிலிருந்து பாட்டி கைபேசியில் நான்கு வரி தமிழில் அனுப்பினால் பேரன் அதைத் தாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். அடுத்த தலைமுறையில் அவன் யாரிடம் கொடுப்பான்?

வீட்டில் எம்மொழி வழங்குவது என்னும் வினா இந்நகரத்துக்குப் புதிதன்று. கவியரசி சரோஜினி தேவியார் 1879-இல் இங்கே பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றவர். அவர் தம் இளமையைப் பற்றி எழுதிய கடிதமொன்றில் ஒரு செய்தி காணப்படுகிறது. அது 1905-இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதியின் முன்னுரையில் இடம்பெற்றது. ஆங்கிலம் பேச மறுத்தமைக்காக, ஒன்பதாம் வயதில், தந்தையார் அவரை ஒரு பகல் முழுவதும் தனியறையில் அடைத்துவைத்தார். வெளியே வந்தது முதல் அவர் தந்தையோடும் தாயோடும் ஆங்கிலத்திலன்றிப் பேசியதில்லை; தாயாரோ எப்போதும் இந்துஸ்தானியிலேயே மகளோடு பேசிவந்தார். தண்டனை கொடுத்து மொழியைப் புகுத்திய தந்தையின் வெற்றியைப் பலரும் வியப்பர். என் மனம் அந்தத் தாயாரிடம்தான் நிற்கிறது. மகள் எம்மொழியில் விடை சொன்னாலும் தம் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகளும் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்கிறார்கள். உடனே நாமும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். தாவாதிருப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நிற்க. பள்ளியை விட்டுவிட்டு முழுமையாக வீட்டில் கற்பிப்பவர்கள் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்குக் கல்வி தருவது அரசின் கடமை என்று அது கூறுகிறது. வீட்டிலேயே கற்பிப்பதைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. பள்ளியில் சேராதிருந்த குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவேண்டுமென்று அச்சட்டத்தில் இடமிருப்பதால், நாளை மனம் மாறினால் திரும்பும் வழி அடைபடவில்லை. தேர்வு எழுதுவதற்கு 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தவர் அதன்வழிப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. மொழிப் பாடமாகத் தமிழையும் எடுக்கலாம். இதற்குமேல் சட்டம் பேச நான் வழக்கறிஞர் அல்லேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். தெலுங்கைக் கைவிடாதீர்கள். தெலங்கானாப் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம் என்று 2018-இல் சட்டம் வந்தது. வீட்டில் கற்கும் பிள்ளையைச் சட்டம் தேடி வராது என்று எண்ணி அதை விட்டுவிட்டால், அண்டை வீட்டாரோடு உறவாடத் தெரியாத பிள்ளையையே வளர்ப்போம். தமிழுக்கு இடம் தேட வேண்டுமானால் தெலுங்கின் இடத்தைப் பறிக்க வேண்டுவதில்லை. அடுக்களையில் வேண்டிய இடம் இருக்கிறது.

அடுக்களை என்று சொன்னதும் சிலர் புன்னகை செய்கிறீர்கள். மளிகைச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் வாரத்தில் நாம் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். தெலுங்கு எழுத்துப் பழகிய குழந்தைக்குத் தமிழில் முதற்குழப்பம் ககரத்தில் வரும். அங்கே நான்கு எழுத்து, இங்கே ஒன்று. "அம்மா, இது எந்தக் க?" என்று கேட்கும். இலக்கணம் சொல்லத் தொடங்கினால் எழுந்து ஓடிவிடும். சீட்டில் மூன்று சொற்களை எழுதச் சொல்லுங்கள்: கடுகு, பாக்கு, வெங்காயம். சொல்லின் முதலில் வல்லோசை, இரட்டித்தால் வல்லோசை, உயிருக்குப் பின் தனித்து வந்தால் மெல்லோசை, ஙகரத்துக்குப் பின்னும் மெல்லோசை. கடுகு என்னும் ஒரு சொல்லிலேயே முதற் ககரம் ஒருவகையாகவும் இறுதிக் குகரம் வேறுவகையாகவும் ஒலிப்பதைக் குழந்தை தானே கண்டு சிரிக்கும். பருப்பும் கம்பும் எழுதும்போது பகரமும் அவ்வாறே விளங்கிவிடும். பால், புளி, வாழைப்பழம் மூன்றையும் அடுத்தடுத்து எழுதினால் லகர ளகர ழகரங்கள் வரிசையில் வந்து நிற்கும். ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லாத எழுத்து. நாக்கு மடங்கச் சில திங்கள் ஆகும். நம் வீடுகளிலேயே வாழைப்பழம் எப்படி ஒலிக்கிறது என்பதை எண்ணிப் பார்த்து, பிள்ளையிடம் சற்றுக் கருணை காட்டலாம்.

சீட்டில் பிழை இருந்தால் அப்போதே திருத்தாதீர்கள். பிழையோடு கடைக்குப் போகட்டும். அங்கே இரண்டாம் பாடம் தொடங்கும். சீட்டு தமிழில் இருக்கிறது, கடைக்காரர் தெலுங்கர். பையன் மஞ்சளைப் பசுபு என்றும், மிளகை மிரியாலு என்றும், கடுகை ஆவாலு என்றும், இஞ்சியை அல்லம் என்றும் வாய்விட்டு மாற்றிச் சொல்லவேண்டும். கடைக்காரர் இந்தி பேசுபவராயின் இஞ்சி அத்ரக் ஆகிவிடும். புளி வேண்டுமென்று தமிழிலேயே கேட்டுவிட்டால் கடையில் புலிக்கு எங்கே போவது? தெலுங்கில் புலி என்றால் நம் புலியேதான். நம் புளியோ அங்கே சிந்தபண்டு. தயிருக்குத் தெலுங்கில் பெருகு என்று பெயர். ஆற்றில் வெள்ளம் பெருகியது என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்த ஒரு சிறுமி ஆறு முழுதும் தயிராக ஓடியதென்று எண்ணிக்கொண்டாளாம். இவ்வாறு இரு மொழிகளும் உரசும் இடத்தில் குழந்தைக்கு இரண்டின் மீதும் ஆசை பிறக்கிறது.

இன்னும் எழுத்துப் பழகாத சின்னஞ்சிறு பிள்ளைக்குத் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பிக் கொடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் விசயதசமியன்று அரிசியில் எழுதுவதும் நாம் அறிந்தவையே. ஆண்டுக்கு ஒருநாள் செய்வதை நாள்தோறும் உலை வைக்கும் முன் பத்து நிமிடம் செய்யலாம். எழுதி முடித்த அரிசியைக் கழுவி உலையில் போட்டுவிடலாம், பண்டம் பாழாவதில்லை. 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டா. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று கற்றபின் எஞ்சிய 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் கொம்பும் காலும் சுழியும் சேர்ப்பதே.

கணக்கும் அங்கேயே இருக்கிறது. பரணில் பழைய படியும் ஆழாக்கும் கிடந்தால் இறக்கிக் கழுவுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து அளந்து கொட்டும் குழந்தைக்கு அரையும் காலும் அரைக்காலும் கைக்குள் வந்துவிடுகின்றன. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும்போது எண்ணிக்கையும் வடிவமும் வருகின்றன. இங்குள்ள தோழிகள் அதை முக்கு என்பர். அவர்கள் போடும் கோலங்களையும் பழகிக்கொள்ளட்டும்.

இனி, கற்பிக்கின்ற தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்வார் குறைவு. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, கணவருக்கு டிபன் கட்டி, ஒன்பது மணிக்குப் பாடப் புத்தகத்தோடு அமரும் ஒருத்தி பள்ளிக்கூடம் போல ஏழு பாடவேளை நடத்த முயன்றால், மூன்றாம் திங்களில் படுத்துவிடுவாள், அல்லது பிள்ளையை அடிப்பாள். இரண்டையும் கண்டிருக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவர் கற்பிப்பதால் பள்ளிக்கு அத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது. ஒரு பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டால் தொடக்க வகுப்புக்குரிய பாடத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எஞ்சிய பொழுதில் பிள்ளை வீட்டுவேலையில் உடனிருக்கட்டும். மாவு அரைக்கும் நாளிலும் விருந்தினர் வரும் நாளிலும் எழுத்துப் பாடம் வேண்டா. அன்று செவிப்பாடம் போதும். கைவேலை செய்துகொண்டே கதை சொல்லலாம். அல்லது மூத்த பிள்ளை உரக்கப் படிக்க நாம் கேட்டுக்கொண்டு கீரை ஆயலாம். அண்ணன் படிப்பதைத் தம்பி கேட்டே பாதி கற்றுவிடுகிறான்.

தந்தையர்க்கும் இதில் பங்குண்டு. பின்வரிசை ஐயன்மார்கள் கவனிக்க. வீட்டின் வரவு செலவுக் கணக்கை இரவு உணவுக்குப் பின் பிள்ளையோடு அமர்ந்து தமிழில் எழுதுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். பால், காய்கறி, மின்கட்டணம் என்று எழுத நாளைக்குப் பத்து நிமிடம் ஆகும். மனைவி "கற்பிக்கிறாள்" என்று நண்பர்களிடம் பெருமை பேசுவதைக் காட்டிலும் அந்தப் பத்து நிமிடத்தை அவள் மதிப்பாள்.

"எனக்கே தமிழ் படிக்கத் தெரியாதே, நான் எப்படிக் கற்பிப்பேன்?" என்று இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த இளந்தாய்மார்கள் கேட்பதுண்டு. பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் மாமியாரோ தாயாரோ இருந்தால் அவரே ஆசிரியர். நீங்களும் பிள்ளையும் மாணாக்கர். கண்பார்வை மங்கி, தொலைக்காட்சியைத் தவிரப் போக்கிடமில்லாத முதியவருக்கு இப்படி ஒரு பதவி கிடைப்பது சிறிய செய்தியன்று. உதவிக்கு ஆளில்லாதவர் 2001-இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனத்தின் பாடங்களைக் கைபேசியிலேயே பெறலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் விலையின்றி இணையத்தில் கிடைக்கின்றன.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் ஒன்று செய்யுங்கள். சென்னை செல்லும் இரயிலில் பகல் வெளிச்சம் இருக்குமாயின் பிள்ளையைச் சன்னலோரம் உட்காரவைத்து நிலையப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தடா நிலையம் வரையில் தெலுங்கு. அதைக் கடந்ததும் ஆரம்பாக்கம்; அங்கே பலகையில் தமிழ் எழுத்து வந்துவிடும். நெடிலும் மெய்யும் இரட்டித்த ககரமும் ஒரே பெயரில் இருக்கின்றன. வண்டி விரைவாகப் போகும். முதல்முறை பாதிதான் படிக்க முடியும். அடுத்து எளாவூர், பின்பு கும்மிடிப்பூண்டி. பாட்டி வீட்டு வாசலில் இறங்கியதும் தான் படித்த பெயர்களைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

குழந்தைகளின் நாட்டிய நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். வினா உள்ளவர்கள் சிற்றுண்டி வேளையில் என்னைக் காணலாம். மளிகைச் சீட்டுகள் இரண்டு மூன்று கொண்டுவந்திருக்கிறேன், சிறுவர்கள் எழுதியவை, பார்க்க விரும்புவோர்க்குக் காட்டுகிறேன்.