ஒரு விடுதிக்காரரின் சுதந்திரம்



நினைவுப் பேருரை என்றால் மறைந்த தோழரைப் பற்றிப் பேச வேண்டும். அதை எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறைவாகச் செய்துவிட்டார்கள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் லிபர்டேரியன் என்றொரு அரசியல் இருக்கிறது. அரசு எவ்வளவு சிறுக்கிறதோ அவ்வளவுக்கு மனிதருக்குச் சுதந்திரம் என்பது அவர்கள் வாதம். வரியும் கட்டுப்பாடும் வற்புறுத்தல். சந்தையில் நடப்பது மட்டும் விருப்பப்பட்ட உடன்பாடு. கணினித் துறைக்குப் போகும் நம் பிள்ளைகள் காதிலும் இன்று இது விழுகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல், ஹார்ட் ஆஃப் அட்லாண்டா என்று பெயர். கறுப்பின மக்களுக்கு அங்கே அறை கிடையாது. 1964 ஜூலையில் வந்த சிவில் உரிமைகள் சட்டம், விடுதி, உணவகம், திரையரங்கு எதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்றது. மோட்டல் உரிமையாளர் நீதிமன்றம் போனார். அவரே வழக்கறிஞர், அவரே வாதாடினார். அவர் வைத்த வாதங்களில் ஒன்றைக் கேளுங்கள்: விருப்பமில்லாத ஆளுக்கு அறை கொடுக்கச் சொல்வது தன்னை அடிமை வேலைக்குத் தள்ளுவதாம், ஆகவே 13ஆவது திருத்தத்துக்கு விரோதமாம். 13ஆவது திருத்தம் எது? 1865இல் அடிமைத்தனத்தை ஒழித்த திருத்தம்! அடிமைகளின் வாரிசுகளுக்குக் கதவைச் சாத்துகிறவர், அவர்களை விடுவித்த சட்டத்தையே தாழ்ப்பாளாகப் போடப் பார்த்தார். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த செனட்டர் பேரி கோல்ட்வாட்டரை வெறும் நிறவெறியர் என்று சொல்லி முடித்துவிட முடியாது. 1957, 1960 ஆண்டுகளின் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர் அவர். தனியார் கடைக்குள்ளும், வேலைக்கு ஆளெடுப்பதிலும் மத்திய அரசு நுழையக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் தெற்கு மாநிலங்கள். கொள்கை யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்று பாருங்கள்.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நிறப்பிரிவினையைச் சட்டமாக்கியது அரசுதானே என்பார்கள். உண்மைதான். 1890இல் லூசியானா மாநிலம் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி என்று சட்டம் போட்டபோது ரயில் கம்பெனிக்கே அது பிடிக்கவில்லை. கூடுதல் பெட்டிக்குச் செலவாகுமே. காவல் நிலையத்தையும் பொய் வழக்கையும் பார்த்த நமக்கும், அரசை நம்பாதே என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அரசு விலகிய இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே ஊர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்த அரசாணையும் வந்ததில்லை. அது கடைக்காரரின் 'விருப்பம்'. ஊர்விலக்கும் அப்படித்தான். முடி வெட்ட மாட்டார்கள், மளிகைச் சாமான் தர மாட்டார்கள், கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வியாபாரம் செய்ய மறுப்பது, அவ்வளவே. சேர்த்துப் பார்த்தால் ஒரு சேரியே பட்டினி கிடக்கும்.

1947இல் அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவைக்காக எழுதிய 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' ஆவணத்தில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கக் கேட்டார். முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். அரசு தலையிடாதபோது மிஞ்சுகிற சுதந்திரம் நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு 14 ஆண்டுகள் முந்தியது அது. நடைமுறையின் லட்சணம் வேறு கதை.

இனி கணினி முதலாளிகள். பேபால் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல் தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொண்டவர். சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை தனக்குப் போய்விட்டது என்று 2009இல் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும், அரசு உதவி பெறுவோர் பெருகியதும் தம்மவர்களுக்குப் பாதகமாயிற்று என்ற குறையும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 2014இல் வந்த புத்தகத்தில் போட்டியைவிட ஏகபோகமே மேல் என்று வாதிட்டார். அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய பலன்டிர் கம்பெனியில் ஆரம்பத்திலேயே பணம் போட்டது, சிஐஏ ஆதரவில் இயங்கும் முதலீட்டு நிறுவனம். குடியேறிகளைப் பிடிக்கிற அரசுத் துறைக்கு பலன்டிர் மென்பொருள் விற்கிறது. வாடிக்கையாளராக வரும் அரசு இனிக்கிறது, கணக்குக் கேட்கும் அரசு கசக்கிறது.

எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் ட்விட்டர் டிரம்பை நீக்கியபோது, அது கம்பெனியின் சொத்து, அதன் உரிமை என்று கொள்கையில் நின்றவர்கள் உண்டு. இவ்வளவு பெரிய கம்பெனியைச் சும்மா விடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நாம் பல காலமாகக் கேட்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள், தங்களுக்கு வலித்த பிறகு.

அதே கலிபோர்னியாவில் 2020இல் ஒரு வழக்கு. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவரை இரண்டு மேலதிகாரிகள் சாதி பார்த்து நடத்தினார்கள் என்று மாநில அரசுத் துறை வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. 2023இல் அந்த இருவர் மீதான வழக்கைத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. உள்ளுக்குள் புகார் வந்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்ற முடிவுக்கு நிறுவனம் வந்ததாக வழக்கு மனு சொல்கிறது.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அக்டோபரில், கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய அதே மாதிரியான மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, புதிதாக வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். கம்பெனியின் கண்ணுக்குச் சட்டத்தில் சாதி தென்படவில்லை. ஆளுநரின் கண்ணுக்கு அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இந்த இடைவெளியில் ஒரு தலித் பொறியாளர் எந்த மேசையில் போய்ப் புகார் கொடுப்பார் என்று கேள்வி நேரத்தில் பேசுவோம்.